இருதயச் சீனிச்சாமியும் வயிற்றுச் சீனிச்சாமியும்

தீப்பெட்டி மற்றும் பட்டாசுத் தொழிலாளர் கூட்டு நல மருத்துவமனையில் இருதயப் பிரிவுக்கும் வயிற்றுப் பிரிவுக்கும் நடுவே சரியாக இருபத்திரண்டு தப்படி. இடையில் ஒரு வேப்பமரமும், தண்ணீர் வராத குழாய் ஒன்றும் உண்டு. மருத்துவமனை திறந்த நாளிலிருந்து இந்த இருபத்திரண்டு தப்படியை எந்த டாக்டரும் நடந்து கடந்ததாகச் சரித்திரம் இல்லை. கடிதங்கள் கடந்திருக்கின்றன, கோப்புகள் கடந்திருக்கின்றன. நோயாளிகள் நடந்து நடந்து அங்கே ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஏழாயிரம்பண்ணை சீனிச்சாமியின் செருப்பு போட்டதுதான்.

சீனிச்சாமிக்கு ஐம்பத்து நாலு வயது. ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷமாக ரசாயனம் கலக்கிற போர்மேன். முப்பது வருஷம் கலந்தும் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருந்தார் என்பதைத் தவிர அவருடைய திறமைக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. 2008 தீபாவளிக்குக் கடைசி லோடு ஏற்றி அனுப்பிய மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இனிமேல் மாத்திரைகளை மாதாமாதம் கூட்டு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது.

இருதயப் பிரிவின் தலைவர் டாக்டர் அன்பரசன் சீட்டில் எழுதியபடியே பேசினார்.

"இது ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை. ஒரு நாள் விட்டாலும் ஸ்பிரிங் அடைச்சுக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"அடைச்சுருச்சுன்னா குத்தம் சொல்ல நான் எங்க சார் இருக்கப் போறேன்" என்றார் சீனிச்சாமி.

"அது ஒரு வசதிதான்" என்று சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மாத்திரை ஒரு மாதம் உள்ளே போனதும் வயிறு எரிந்தது. இருபத்திரண்டு தப்படி நடந்து வயிற்றுப் பிரிவுக்குப் போனார். அங்கே தலைவர் டாக்டர் ஆவுடையப்பன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரத்த மாத்திரை திங்கிற ஆளுக்கு வயித்துல புண்ணு வந்தா லேசுல நிக்காது. உள்ளயே ரத்தம் கசியும். இது அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. காலையில வெறும் வயித்துல போடுங்க. இதை விட்டீகன்னா வயித்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

இரண்டு டாக்டர்களும் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சீனிச்சாமியும் இரண்டையும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். பங்குனி மாதம் மாத்திரை வாங்கப் போனபோது மருந்து கொடுக்கும் ஜன்னலின் கண்ணாடியில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"இருதயப் பிரிவில் வழங்கப்படும் குளோபிடோகிரெல் மாத்திரையும் வயிற்றுப் பிரிவில் வழங்கப்படும் ஒமிப்ரசோல் மாத்திரையும் ஒரே நோயாளியிடம் சேரக்கூடாது. சேர்ந்தால் முன்னதன் பலன் குறையும் என வெளிநாட்டு அறிக்கை தெரிவிக்கிறது. நோயாளிகள் ஒத்துழைக்கவும்."

சீனிச்சாமி எழுத்துக் கூட்டாமல் படிப்பவர். மூன்று முறை படித்தார். அந்த நோட்டீசுக்கு நேர் கீழே இருந்த ஓட்டை வழியாக, ஜன்னலுக்குள் இருந்த செல்வலட்சுமி இரண்டு மாத்திரைகளையும் ஒரே கவரில் போட்டு நீட்டினாள்.

"ஏம்மா, சேரக்கூடாதுன்னு ஒட்டிட்டு ஒண்ணாப் போட்டுத் தாரியே?"

"எழுதுனதைக் கொடுக்கச் சொல்லியிருக்காக அண்ணாச்சி, கொடுக்கேன். ஒட்டச் சொன்னாக, ஒட்டுனேன். அடுத்த ஆளு வாங்க."

கவரைக் கையில் பிடித்தபடி சீனிச்சாமி வேப்பமரத்தடியில் நின்றார். பயம் வந்தது. முப்பது வருஷமாகச் சேராத சரக்குகளோடு குடும்பம் நடத்திய மனிதர். இன்ன உப்போடு இன்ன பொடி சேரக்கூடாது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். சேர்த்தவர்களின் படங்கள் சில வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன.

இருதயப் பிரிவுக்குத் திரும்பி நடந்தார். டாக்டர் அன்பரசன் நோட்டீசை ஆமோதித்தார். "சரியான நோட்டீஸ். அந்த வயித்து மாத்திரை உடனே நிக்கணும்."

"அப்ப அதை அடிச்சு விட்ருங்க சார்" என்று சீட்டை நீட்டினார் சீனிச்சாமி.

டாக்டர் பேனாவை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்ன பெரியவரே, என்னைய வேலையை விட்டு அனுப்பப் பாக்கீகளா? அது வயித்துப் பிரிவு எழுத்து. ஒரு பிரிவு எழுதினதை இன்னொரு பிரிவு அடிக்கக்கூடாது. விதி பதினேழு."

விதி பதினேழு சும்மா வரவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு பிரிவு எழுதிய இருமல் மருந்தை இன்னொரு பிரிவு அடித்துவிட்டது. இரண்டு பக்கமும் மூன்று வாரம் விடுப்பில் போய்விட்டார்கள். மருத்துவமனையில் டாக்டரே இல்லாத அந்த மூன்று வாரத்தில் புகார் எதுவும் வரவில்லை. இருந்தாலும் மறுபடி அப்படி நடக்கக்கூடாது என்று விதி போட்டார்கள்.

டாக்டர் ஆவுடையப்பனும் அதையே எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னார். "சேரக்கூடாதுன்னா அவரு மாத்திரையை அவரு நிறுத்தட்டும்."

"அதை நிறுத்துனா ஸ்பிரிங் அடைச்சுக்கும்ங்காகளே சார்."

"ஸ்பிரிங் இருதய சமாச்சாரம். எனக்கு எதுக்கு?"

"இருதயமும் எனக்குள்ளதான சார் கெடக்கு?"

"அது உங்க சமாச்சாரம்" என்றார் ஆவுடையப்பன்.

கடைசியில் இருவரும் கண்காணிப்பாளர் முனியராஜுக்குக் கடிதம் எழுதினார்கள். கண்காணிப்பாளர் டாக்டர் இல்லை. கோப்பு பார்க்கிறவர். அவர் இருவருக்கும் விளக்கம் கேட்டு எழுதினார். தபால் கொண்டுபோகும் ஆள் விடுப்பு என்பதால் கடிதங்களைச் சீனிச்சாமியே இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்தார். முடிவு வரும்வரை இரண்டு மாத்திரைகளையும் தொடரவும், ஆனால் சேர்க்க வேண்டாம் என்றும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதியிருந்தது.

தொடர வேண்டும், சேர்க்கக்கூடாது. டாக்டர்களுக்குப் புரியாத இந்த வாக்கியம் சீனிச்சாமிக்குப் பளிச்சென்று புரிந்தது. கம்பெனியில் தினமும் நடப்பதுதானே இது? சேராத சரக்கை ஒரே அறையில் வைக்க மாட்டார்கள். அறைக்கும் அறைக்கும் நாற்பத்தைந்து அடியாவது இடைவெளி விட்டிருக்கும். ஒரு சரக்கைத் தொட்ட கையோடு, அதே சட்டையோடு இன்னொரு அறைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கிப் பொறி பறக்காமல் இருக்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள்.

அன்றே வீட்டில் வேலையைத் தொடங்கினார். இருதய மாத்திரை வீட்டுக்குள் மர அலமாரியில் இருந்தது. வயிற்று மாத்திரையை ஒரு மண்சட்டியில் போட்டு, நாற்பத்தைந்து அடி அளந்து, ஆட்டுக் கொட்டகையின் மேற்கு மூலையில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் எழுந்து கொட்டகைக்குப் போய் வயிற்று மாத்திரையை விழுங்குவார். கையைக் கழுவிச் சட்டையை மாற்றுவார். செம்புக் குடத்தைத் தொடுவார். பிறகு வீட்டுக்குள் வந்து இருதய மாத்திரை. தண்ணீருக்கு டம்ளர்கூட வேறு வேறு. இரும்புக் கரண்டி பக்கத்தில் இருந்தால், உரசிப் பொறி கிளம்பும் என்று அப்புறப்படுத்திவிடுவார்.

அவர் மனைவி பேச்சியம்மாள் அதே கம்பெனியில் திரி வைக்கிறவள். நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை திங்கிறீகளா, சாமி கும்பிடுறீகளா?" என்று ஐந்தாம் நாள் கேட்டாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? சேராத சரக்குடி."

"ஆடு பயப்படுது. தினமும் விடிஞ்சும் விடியாம ஒரு ஆளு வந்து சட்டையைக் கழட்டுனா அது என்ன நெனைக்கும்?"

ஊர் சிரித்தது. சீனிச்சாமி பொருட்படுத்தவில்லை. ஆனால் இந்தச் செய்தி எப்படியோ கூட்டு ஆஸ்பத்திரிக்கு எட்டியபோது அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரம்.

ஆனி மாதம் ஒரு ஜீப் வந்து வீட்டு வாசலில் நின்றது. கண்காணிப்பாளர் முனியராஜ் இறங்கினார். 'மருந்து இடைவெளிக் குழு' என்று ஒரு குழுவை அமைத்திருப்பதாகவும், இருதயப் பிரிவும் வயிற்றுப் பிரிவும் அதில் உறுப்பினர்கள் என்றும் சொன்னார். டாக்டர்கள் இருவரும் ஜீப்பில் முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக வந்திருந்தார்கள். டேப்பை விரித்து அளந்தார்கள். கொட்டகைக்கும் அலமாரிக்கும் நடுவே நாற்பத்து நாலு அடி ஒன்பது அங்குலம் இருந்தது. மூன்று அங்குலம் குறைவு. டாக்டர் அன்பரசன் கவலையோடு தலையை ஆட்டினார். ஆட்டுக் கொட்டகையை மூன்று அங்குலம் மேற்கே நகர்த்தப் பரிந்துரை செய்யப்பட்டது.

"நகத்துனா அடுத்த ஆளு காட்டுக்குள்ள போயிரும் சார்" என்றாள் பேச்சியம்மாள்.

"நோயாளியின் குடும்பத்தார் ஒத்துழைப்பு குறைவு" என்று குழு எழுதிக்கொண்டது.

அடுத்த வாரம் மருத்துவமனையில் விழா. சீனிச்சாமி முன்மாதிரி நோயாளியாக அறிவிக்கப்பட்டு மேடையில் உட்கார்த்தப்பட்டார். சந்தன மாலை போட்டார்கள். மைக்கில் கண்காணிப்பாளர் முழங்கினார்.

"பெரியோர்களே! இந்த மருத்துவமனையில் கடந்த ஆறு ஆண்டுகளாக இரு பிரிவுகளுக்கும் இடையே ஒரு சண்டைகூட வந்ததில்லை. காரணம், ஒரு பேச்சுகூட வந்ததில்லை! மற்ற மருத்துவமனைகளில் டாக்டர்கள் கூடிக் கூடிப் பேசி நேரத்தை வீணாக்குகிறார்கள். இங்கே அப்படியில்லை. இருதயம் தெரிந்தவருக்கு வயிறு தெரியாது. வயிறு தெரிந்தவருக்கு இருதயம் தெரியாது. இரண்டும் தெரியாத நான் நடுவே இருந்து நடத்துகிறேன்!"

கை தட்டினார்கள். அடுத்து டாக்டர் அன்பரசன் பேசினார். "என் பிரிவில் இதுவரை ஒரு நோயாளியும் வயிற்றுப் புண்ணால் இறந்ததில்லை" என்றார். டாக்டர் ஆவுடையப்பன், தன் பிரிவில் ஒருவர்கூட மாரடைப்பால் இறந்ததில்லை என்று பதிலடி கொடுத்தார். இருவரும் சொன்னதும் உண்மை. வயிற்றுப் புண்ணால் இருதய நோயாளி இறந்தால் அந்தப் பிணத்தை வயிற்றுப் பிரிவின் கணக்கில் சேர்ப்பார்கள், அந்தப் பக்கம் மாரடைப்பு வந்தால் இந்தப் பக்கம்.

பொதுமக்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று மைக்கை நீட்டியபோது கூட்டத்திலிருந்து பேச்சியம்மாள் எழுந்தாள். அவளுக்கு மேடைக் கூச்சம் இருந்தது. மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்ததும் கூச்சம் போய்விட்டது. நாலைந்து நாளாக அவர் படியேறினால் மூச்சு வாங்குவதை அவள் கவனித்திருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான்யா. கொட்டகையில ஒண்ணு, அலமாரியில ஒண்ணு. சரி. நாப்பத்தஞ்சு அடி. அதுவும் சரி. முழுங்குனதுக்கு அப்புறம் ரெண்டும் எங்கன போய் இருக்கும்? இந்த மனுசனுக்குள்ள ஒரே ரூம்புதான இருக்கு?"

சீனிச்சாமிக்கு நெற்றியில் வேர்த்தது. முப்பது வருஷமாகச் சரக்கு கலக்கிறவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாகவும் இருந்தது, தோன்றியதும் பயமாகவும் இருந்தது.

குழு அவசரமாகக் கூடியது. மூன்று மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வடை இரண்டு முறை போயிற்று. நோட்டீசை மறுபடி வாசித்த கண்காணிப்பாளர்தான் வழியைக் கண்டுபிடித்தாராம். "ஒரே நோயாளியிடம்" சேரக்கூடாது என்றுதானே இருக்கிறது? நோயாளி இரண்டாகிவிட்டால்?

அப்படியாகத்தான் சீனிச்சாமி (இருதயம்) என்று பச்சை அட்டையும், சீனிச்சாமி (வயிறு) என்று மஞ்சள் அட்டையும் வழங்கப்பட்டன. இருதயத்துக்குத் திங்கள், வியாழன். வயிற்றுக்குச் செவ்வாய், வெள்ளி. ஒருவர் வரும் நாளில் இன்னொருவர் வரக்கூடாது. இரண்டு பேரையும் தனித்தனியே எடை போட்டார்கள். இருதயச் சீனிச்சாமி அறுபத்திரண்டு கிலோ, வயிற்றுச் சீனிச்சாமி அறுபத்து மூன்று. செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். விண்ணப்பத்தில் 'மற்றவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கிளார்க் திணறினார். கடைசியில் 'ஒரே வீடு' என்று எழுதினார்.

செல்வலட்சுமி திங்கட்கிழமை ஒரு கவரும் செவ்வாய்க்கிழமை ஒரு கவரும் கொடுத்தாள். நோட்டீசுக்கு எந்தப் பங்கமும் வரவில்லை. பிரச்சினை தீர்ந்ததாகக் கோப்பை மூடினார்கள்.

சீனிச்சாமி கம்பெனியில் இப்போது கலக்கவில்லை. கேட்டில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டியும் செல்போனும் வாங்கி வைக்கிற வேலை. ஒவ்வொரு நாளும் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறதோ என்று காதை வைத்துக் கேட்காத குறையாக உட்கார்ந்திருந்தார். இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா என்று பலமுறை கை தயங்கியது. எதை விட்டாலும் சாவு, விடாவிட்டாலும் சாவு என்று அந்தந்தப் பிரிவில் சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் ராத்திரி அவர் நெஞ்சில் கை வைத்தபடி தூங்கினாள்.

புரட்டாசி மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, கேட்டில் ஒரு செல்போனை வாங்கின கை அப்படியே நின்றது. இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் யாரோ பிழிவது போல வலி. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பேச்சியம்மாள் கூட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கெட்ட நேரம், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

சீட்டுப் பதிகிற கிளார்க் பச்சை அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னைக்கு வயிறும்மா."

"நெஞ்சு வலிக்குதுய்யா அவுகளுக்கு!"

"இருதயத்துக்கு நாளை மறுநாள் வியாழன். அந்த அட்டை இன்னைக்குச் செல்லாது. இவரு இன்னைக்கு வயித்துச் சீனிச்சாமி. சரி, அழாதீங்க, நான் பாத்து எழுதுறேன்." எழுதினார். 'வயிற்றுக்கு மேலே வலி.'

வயிற்றுப் பிரிவில் டாக்டர் ஆவுடையப்பன் சீட்டைப் படித்தார். "வயித்துக்கு மேலன்னா எத்தனை அங்குலம் மேல?"

சீனிச்சாமி பேச முடியாமல் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

"அது என் எல்லை இல்லயே பெரியவரே. கடைசி விலா எலும்போட நான் முடிஞ்சு போறேன்" என்றார் டாக்டர். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பதறினார். பதறியபடியே இருதயப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். 'மதிப்பிற்குரிய ஐயா, பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி' என்று வரைக்கும் எழுதி, எந்தக் கடிதத்தின்படி என்று கோப்பைத் தேடினார். இருபத்திரண்டு தப்படிக்கு அப்பால் டாக்டர் அன்பரசன் தன் ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கெட்டவர் இல்லை. கடிதம் வந்தவுடன் ஓடிவரத் தயாராகக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார்.

பேச்சியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, வாசலில் கிடந்த தள்ளுவண்டியில் புருஷனைச் சாய்த்தாள்.

"ஏங்க, கண்ணை மூடாதீக. என்னையப் பாத்துக்கிட்டே இருங்க."

அவளே தள்ளிக்கொண்டு போனாள். வேப்பமரத்தைச் சுற்றி, எந்தப் பிரிவுக்கும் சேராத, பின்கட்டில் இருந்த அவசர அறைக்கு. அங்கே கற்பகவல்லி என்று ஒரு இளம் டாக்டர் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. விதிப் புத்தகம் அவளுக்கு இன்னும் வழங்கப்படவில்லை. அதனால் வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தாள், ஊசி போட்டாள், 108க்குப் போன் பண்ணச் சொன்னாள். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று கேட்டாள். பேச்சியம்மாள் முந்தானையில் முடிந்திருந்ததையும் பையில் இருந்ததையும் மேசையில் கொட்டினாள். டாக்டர் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள்.

"இது ரெண்டையுமா சேத்துச் சாப்பிட்டாரு?"

"சேக்கல தாயி" என்று முனகினார் சீனிச்சாமி. "நாப்பத்தஞ்சு அடி."

டாக்டருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. கதவைத் திறந்து எதிரே இருந்த மருந்து ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "செல்வலட்சுமி! அமிலத்துக்கு வேற மாத்திரை இருக்கா? பேன்டோப்ரசோல்?"

"இருக்கு டாக்டர். மூணு பெட்டி இருக்கு."

"எப்ப வந்துச்சு?"

"நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முந்தியே வந்துருச்சு டாக்டர்."

"அப்ப இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"கேட்டாச் சொல்லலாம் டாக்டர். கேக்காமச் சொல்ல ஜன்னலுக்கு அனுமதி இல்ல." செல்வலட்சுமி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஒருத்தரும் கேக்கல."

கற்பகவல்லி சீட்டை இழுத்து, வயிற்றுப் பிரிவு எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் வேறு ஒன்றை எழுதினாள். ஆறு மாதம், பதினெட்டுக் கடிதம், ஒரு ஜீப், ஒரு டேப், ஒரு சந்தன மாலை, இரண்டு அட்டை ஆகியவை சேர்ந்து செய்ய முடியாத காரியத்துக்கு நாலு விநாடி ஆயிற்று.

ஆம்புலன்சில் ஏற்றும்போது கற்பகவல்லி பேச்சியம்மாளின் கையைப் பிடித்துச் சொன்னாள். "அம்மா, ரத்த மாத்திரையை ஒரு நாளும் நீங்களா நிறுத்தக்கூடாது. வயித்துக்கு இந்தப் புது மாத்திரை போதும், இது அதோட சண்டை போடாது. எரியுதுன்னு கடையில போய்ச் சும்மா கேஸ் மாத்திரை வாங்கிப் போடாதீங்க. வெளிக்குக் கறுப்பாப் போனா அன்னைக்கே வாங்க. எந்த டாக்டர்ட்ட போனாலும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்க. ஒரே பையில."

"ஒரே பையிலயா?" என்று பேச்சியம்மாள் மறுபடியும் கேட்டாள். அவ்வளவு காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் ஒன்றாக வைக்கச் சொன்னதில்லை.

மதுரையில் பார்த்தபோது ஸ்பிரிங்குக்குள் கொஞ்சம் அடைக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்று அங்கே ஒரு டாக்டர் சொல்ல வந்து, பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பத்து நாளில் சீனிச்சாமி நடந்து வீட்டுக்கு வந்தார். புது மாத்திரையும் ரத்த மாத்திரையும் ஒரே டப்பாவில் இருந்தன. முதல் இரண்டு நாள் செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டே டப்பாவைத் திறந்தார். பிறகு பழகிவிட்டது. வயிறு எரியவில்லை, மூச்சு வாங்கவில்லை.

பதினைந்தாம் நாள் கூட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சம்மன் வந்தது. விசாரணை. டாக்டர் கற்பகவல்லி மீது இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, விதி பதினேழை மீறி வேறு பிரிவின் மாத்திரையை அடித்தது. இரண்டு, சீனிச்சாமி (இருதயம்), சீனிச்சாமி (வயிறு) ஆகிய இரண்டு நோயாளிகளை ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தது.

கற்பகவல்லி ஒரு ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுதிருப்பாள் போலிருந்தது. அதைப் பார்த்ததும் சீனிச்சாமிக்கு ஆத்திரம் வந்தது.

"அந்தப் பிள்ளை ஒரு கோடு போட்டுச்சு. நான் பொழைச்சேன். இதுல விசாரிக்க என்னய்யா இருக்கு?"

"அதுதான் சிக்கல்" என்றார் கண்காணிப்பாளர் முனியராஜ் பொறுமையாக. "நீங்கள் இறந்திருந்தால் எங்களிடம் அதற்குப் படிவம் இருக்கிறது. இருதயத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நீங்கள் பிழைத்துவிட்டீர்கள். அதுவும் விதிமீறலால் பிழைத்திருக்கிறீர்கள். நாளைக்குத் தணிக்கையில் இவர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்டால் எந்தப் பிரிவு பதில் சொல்லும்?"

டாக்டர் அன்பரசன் தன் பிரிவு காரணமில்லை என்றார். டாக்டர் ஆவுடையப்பன் தன் பிரிவும் காரணமில்லை என்றார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக இரு பிரிவுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அங்கேதான். கண்காணிப்பாளர் அந்த ஒற்றுமையைப் பாராட்டி, ஒரு காகிதத்தை டைப் அடிக்கச் சொன்னார். சீனிச்சாமி அதில் கையெழுத்துப் போட்டால் டாக்டரம்மாவை எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார்.

சீனிச்சாமி மெதுவாகப் படித்தார்.

"நான் இன்று உயிரோடு இருப்பதற்கு இம்மருத்துவமனையின் இருதயப் பிரிவோ, வயிற்றுப் பிரிவோ, கண்காணிப்பாளரோ எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்று உறுதி கூறுகிறேன்."

"இருதயம் கையெழுத்துப் போடட்டும்" என்றார் கண்காணிப்பாளர். "வயிறு கைநாட்டு வைத்தால் போதும். இரண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும்."

சீனிச்சாமி பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். முப்பது வருஷம் லேபிள் படித்தே சரக்கைத் தொட்ட மனிதர். இதில் என்ன வில்லங்கம் இருக்குமோ, நாளைக்கு மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று மறுபடி முதல் வரிக்குப் போனார். பேச்சியம்மாள் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்துக் கூட்டி, கடைசி வரை படித்து முடித்தாள்.

"என்னங்க யோசிக்கிறீக? இம்புட்டு நாளா இவுக எழுதுனதுல இது ஒண்ணுதான் உண்மை. போடுங்க" என்றாள்.

சீனிச்சாமி கையெழுத்துப் போட்டுவிட்டு, மை டப்பாவைப் பக்கத்தில் இழுத்தார்.